சிறைக்குள் பெண்மை



பத்தாண்டுகளாக நூல்களைப் போற்றிவரும் இவ்வட்டத்தில், நாவலுக்கும் நாடகத்துக்கும் தடைவிதித்த ஒரு சிறையைப் பற்றிப் பேச விழைகிறேன்.

இலண்டன் நியூகேட் சிறைக்கு எலிசபெத் ஃபிரை அம்மையார் முதன்முதலாகச் சென்றது 1813இல். பெண்களும் அவர்தம் குழந்தைகளும் அங்கே நெருக்குண்டு தரையில் கிடந்தனர். 1817இல் அம்மையார் தோழியருடன் ஒரு சங்கம் அமைத்தார். குழந்தைகளுக்குப் பள்ளியும் பெண்களுக்குத் தையல் வேலையும் வந்தன. விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டிக் கைதிகளைக் கைதூக்கி இசைவு தெரிவிக்கச் செய்தார். பெண் கைதிகளைப் பெண்களே காக்கவேண்டும் என்ற 1823ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் அவர் முயற்சி துணைநின்றது. இவை சிறிய செயல்கள் அல்ல.

ஆயினும் அவ்விதிகளைப் படித்துப் பாருங்கள். சூதாட்டத்தையும் வசைமொழியையும் விலக்கிய கையோடு, தகாத நூல்கள் என்று நாவல்களையும் நாடகங்களையும் விலக்கிவிடுகின்றன. திருந்திய பெண் யார்? அடங்கிய பேச்சும் கையில் ஊசியும் உடையவள். குற்றம் புரிந்த ஆண் சட்டத்தை மீறினான். பெண்ணோ சட்டத்தோடு பெண்மையையும் மீறினாள் என்பதே அன்றைய கணக்கு. ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெண்களை அடைத்த தொழிற்கூடங்களில் கூந்தலைக் கத்தரிப்பதும் ஒரு தண்டனை. உடல் நோவாது, நாணம் நோகும் என்பது தெரிந்தே செய்தார்கள்.

ஊசியை நான் பழிக்கவில்லை. 1841இல் ‘ராஜா’ என்னும் கப்பலில் நாடுகடத்தப்பட்ட பெண்கள் வழியிலேயே தைத்த ஒட்டுத்துணிப் போர்வை இன்றும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் பொறித்த நன்றியுரையில், துணியும் நூலும் தந்த சீமாட்டியர் குழு குறிக்கப்படுகிறது. தைத்தவர் ஒருவர் பெயரும் இல்லை.

சீர்திருத்தம் என்ற பெயரிலேயே தண்டனை நீண்ட கதையும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெண்களை மன்சி என்னும் ஊரின் சீர்திருத்தச் சிறைக்கு அனுப்பியது. ஆணுக்கு நீதிபதி தண்டனையைக் குறைத்து விதிக்கலாம். கடுங்குற்றம் புரிந்த பெண்ணுக்கோ சட்டத்தின் உச்ச அளவே எல்லை. கொள்ளை வழக்கொன்றில் ஒரு பெண்ணுக்கு முதலில் ஓராண்டு முதல் நான்காண்டு வரை என்று விதித்த நீதிமன்றம், ஒரு மாதம் கழித்து அதை நீக்கிவிட்டு இச்சட்டப்படி மன்சிக்கு அனுப்பியது. பத்தாண்டு வரை வைத்திருக்க இடமாயிற்று. பெண்ணின் உடலியல்பும் உளவியல்பும் வேறு என்று மேல்முறையீட்டு மன்றமே நியாயம் கூறியது. 1968இல் மாநில உச்சநீதிமன்றம் அதை ஏற்க மறுத்து அச்சட்டத்தைத் தள்ளியது. அதற்குள் 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.