ரூ ஸ்ரோக்கா, ஃபோர் ஸ்ரோக்கா? தோட்டத்துக்கு குவாட் பைக் வாங்க நினைப்பவர்களுக்கு

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் வருமான வரி, சுப்பர் பணம், வீட்டுக் கடன் என்று பேசுகிற ஆள் இன்றைக்கு எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் யோசிக்கக் கூடும். காரணம் இருக்கிறது. ஷெப்பர்ட்டன், மில்டூரா, கிரிஃபித் பக்கங்களில் பழத்தோட்ட வேலைக்குப் போன எங்கள் ஆட்களில் சிலர் இப்போது சொந்தமாகவோ குத்தகைக்கோ சிறு காணி எடுத்து மரக்கறி, பழமரம் என்று செய்கிறார்கள். கணக்கு விடயமாக என்னோடு கதைக்கும்போது அவர்களில் சிலர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அண்ணை, பழைய குவாட் பைக் ஒண்டு நல்ல மலிவா வருது. ரூ ஸ்ரோக்காம். வாங்கட்டோ?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்ட வேலைக்கு என்றால் ஃபோர் ஸ்ரோக்தான். அந்தப் பதிலுக்குப் பின்னால் உள்ள கணக்கு காசுக் கணக்கு மட்டும் அல்ல. அதனால்தான் ஒரு முழு உரை.

முதலில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். ஃபோர் ஸ்ரோக் எஞ்சினில் பிஸ்ரன் இரண்டு தரம் கீழேயும் இரண்டு தரம் மேலேயும் ஓடினால்தான் ஒரு தரம் சக்தி கிடைக்கும். காற்றையும் பெற்றோலையும் உள்ளே இழுப்பது, நெருக்குவது, எரிந்து தள்ளுவது, புகையை வெளியே விடுவது என்று நான்கு வேலை, நான்கு ஓட்டம். ரூ ஸ்ரோக் இதையே இரண்டு ஓட்டத்தில் முடித்துவிடும். வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளே வாசல்கள். பாகங்கள் குறைவு, பாரம் குறைவு, அதே அளவு எஞ்சினுக்குத் துடிப்பு அதிகம். பிஸ்ரனும் வளையமும் தேய்ந்தால் கை வேலை தெரிந்த ஒருவர் வீட்டுக் கொட்டிலிலேயே கழற்றி மாற்றிவிடலாம்.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. ரூ ஸ்ரோக்கில் புதிய கலவை உள்ளே வருகிற அதே நேரத்தில்தான் பழைய புகை வெளியே போகிறது. முன்கதவும் பின்கதவும் ஒன்றாகத் திறந்து கிடக்கிற வீடு மாதிரி. புகையோடு சேர்ந்து எரியாத பெற்றோலும் போய்விடும். காபரேற்றர் பூட்டிய பழைய எஞ்சின்களில் கால்வாசி அளவு பெற்றோல் இப்படி வீணாகும். அடுத்தது ஒயில். ஃபோர் ஸ்ரோக்கில் ஒயில் தனியாக எஞ்சினுக்குள்ளேயே நின்று சுற்றி வரும். ரூ ஸ்ரோக்கில் ஒயிலைப் பெற்றோலோடு கலக்க வேண்டும், அல்லது ஒரு சின்னப் பம்ப் அதைச் செலுத்த வேண்டும். எப்படியோ அந்த ஒயிலும் எரிந்துதான் போகிறது. நீலப் புகை அதனால்தான்.

எங்கள் ஆட்களுக்கு எஞ்சின் என்றால் பயம் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் நாங்கள். கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு ரூ ஸ்ரோக் என்பது படகின் பின்னால் பூட்டிய எஞ்சின். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டால் ஓடும் என்ற நம்பிக்கை கையிலேயே இருக்கிறது. அந்த நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் மலிவாக வருகிற பழைய சாமானுக்கு எங்களை முதலில் இழுப்பதும் அதுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரூ ஸ்ரோக் நன்றாக இழுப்பது வேகமாகச் சுற்றும்போதுதான். தோட்ட வேலை அப்படியல்ல. மரவரிசைக்குள் நடை வேகத்தில் போக வேண்டும், நின்று நின்று போக வேண்டும், பின்னால் சின்ன ட்ரெயிலரை இழுக்க வேண்டும். குறைந்த சுற்றில் இழுக்கிற பலம் ஃபோர் ஸ்ரோக்கிடம்தான் இருக்கிறது.

அதைவிடப் பெரிய விடயம் பள்ளத்தில் இறங்குவது. காரில் கியரைக் குறைத்து இறக்கத்தில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதை உணர்ந்திருப்பீர்கள். ஃபோர் ஸ்ரோக் குவாட் பைக்கிலும் அது நன்றாக வேலை செய்யும். ரூ ஸ்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு. பெல்ற்றில் ஓடும் பழைய ஓட்டோமற்றிக் வகைகளில் அக்சிலேற்றரை விட்டவுடன் பெல்ற் தளர்ந்து, வண்டி சும்மா உருளத் தொடங்கும். பின்னால் மருந்துத் தாங்கி. 50 லீற்றர் தண்ணீர் என்றால் 50 கிலோ. அது அசையாத 50 கிலோவும் அல்ல. இறக்கத்தில் முன்னுக்கு வரும், திரும்பும்போது பக்கத்துக்குப் போகும். எல்லாவற்றையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும். ஈரப் புல்லில் சில்லு பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். வழுக்கிய வண்டி ஒரு வரம்பிலோ கல்லிலோ தட்டினால் புரண்டுவிடும். வேலைக்கான நாலு சில்லு இழுவை வண்டி ஒன்று 300 கிலோ அளவில் இருக்கும். அது மேலே விழுந்தால் ஒரு ஆளால் தூக்க முடியாது.

இந்த நாட்டில் குவாட் பைக்கினால் ஆண்டுக்குச் சராசரி 16 பேர் இறக்கிறார்கள் என்று நுகர்வோர் ஆணையமான ஏசிசிசி 2019-இல் சொன்னது. நாளொன்றுக்கு ஆறு பேர் அளவில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பதும் அதன் மதிப்பீடு. அதன் பிறகுதான் புதிய சட்டம் வந்தது. 2021 ஒக்ரோபர் 11 முதல், தோட்ட வேலைக்கான புதிய குவாட் பைக் எதுவானாலும், புரண்டால் ஓட்டுநர் நசியாமல் காக்கும் வளையம் அல்லது சட்டத்தோடுதான் விற்க வேண்டும். பக்கவாட்டில் எவ்வளவு சரிவு வரைக்கும் நிற்கும் என்ற அளவுக்கும் ஒரு கீழ்வரம்பு வைத்தார்கள். ஹோண்டா, யமஹா போன்ற பெரிய கொம்பனிகள் இதற்கு உடன்படாமல் இங்கே அந்த வகை வண்டி விற்பதையே விட்டுவிட்டன. வெளிநாட்டில் இருந்து இறக்குகிற பழைய வண்டிகளுக்கும் இந்தச் சட்டம் உண்டு. ஆனால் ஏற்கெனவே இங்கே ஓடிக்கொண்டிருக்கிற பழைய வண்டியை ஒருவர் உங்களுக்கு விற்பதை இது தடுக்காது. எங்கள் ஆட்களுக்கு மலிவாக வருவது அந்த வண்டிகள்தான்.

அந்த ரூ ஸ்ரோக் வண்டிகள் எவ்வளவு பழையவை என்பதையும் யோசியுங்கள். சுசுகி 1983 மாடலாக விட்ட முதல் நாலு சில்லு வண்டியே ஃபோர் ஸ்ரோக். ஹோண்டாவின் வேலை வண்டிகள் தொடக்கத்தில் இருந்தே ஃபோர் ஸ்ரோக். ரூ ஸ்ரோக்கை வேலை வண்டியில் பெரிதாகப் போட்டது அமெரிக்கப் போலாரிஸ், 1985-இல். அவர்களே தொண்ணூறுகளின் நடுவில் ஃபோர் ஸ்ரோக்குக்கு மாறத் தொடங்கினார்கள். அமெரிக்கா 2002-இல் அறிவித்த புகைக் கட்டுப்பாடு 2006 மாடல்களில் இருந்து நடைமுறைக்கு வந்தபோது மிச்சக் கதையும் முடிந்தது. ஆகவே இன்றைக்கு உங்களுக்கு வருகிற ரூ ஸ்ரோக் வேலை வண்டி அநேகமாக இருபது வயது தாண்டியது. உதிரிப்பாகத்துக்கு அலைய வேண்டும். அதற்கென்று செய்த காப்புச் சட்டம் பொருந்துமா என்பதும் கேள்வி.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். கணக்குக்காக ஆண்டுக்கு 300 மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ரோக் மணிக்கு 2 லீற்றர் குடித்தால் 600 லீற்றர். கால்வாசி வீணாகிற ரூ ஸ்ரோக்குக்கு அதே வேலைக்கு 800 லீற்றர். லீற்றர் 2 டொலர் என்றால் வித்தியாசம் 400 டொலர். 50-க்கு 1 என்ற கலவையில் 800 லீற்றருக்கு 16 லீற்றர் ஒயில். லீற்றர் 18 டொலர் என்று போட்டால் 288. கூட்டினால் 688 டொலர். ஃபோர் ஸ்ரோக்குக்கு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஒயிலும் ஃபில்ரரும் மாற்ற 60 டொலர் படி 180 போகும். அதைக் கழித்தால் ஆண்டுக்கு 508 டொலர் ரூ ஸ்ரோக்குக்குக் கூடுதல் செலவு. வாங்கும்போது ஆயிரம் டொலர் மிச்சம் என்று சந்தோசப்பட்டால், அது இரண்டாவது ஆண்டு முடியுமுன் புகையாகப் போய்விடும். உங்கள் ஓட்டம் ஆண்டுக்கு 30 மணி நேரம் மட்டும் என்றால் இந்தக் கணக்கு பெரிதாக ஒன்றும் சொல்லாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இறக்கம் 30 மணி நேரத்திலும் அதே இறக்கம்தான்.

இடையில் ஒன்று. ஜிஎஸ்ரி பதிவோடு தோட்டம் செய்கிறவர்கள் காணிக்குள் தொழிலுக்காக ஓடுகிற குவாட் பைக்கின் பெற்றோலுக்கு எரிபொருள் வரிக் கழிவு கேட்கலாம். பலர் டீசலுக்கு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நாலு ஆண்டு வரைக்கும் பின்னோக்கிக் கேட்கலாம். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். பிள்ளைகள் விளையாட்டுக்கு ஓடிய பங்கைக் கழித்துத்தான் கேட்க வேண்டும்.

ரூ ஸ்ரோக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. மரம் அரியும் செயின் சோவும் புல் வெட்டும் கை மெஷினும் பெரும்பாலும் இன்றும் ரூ ஸ்ரோக். எந்தப் பக்கம் சரித்தாலும் ஒயில் பெற்றோலோடு கூடவே போய்ச் சேருகிறபடியால் அந்த வேலைக்கு அது பொருத்தம். சமதரையில் எப்போதாவது ஓட, சொந்தமாகத் திருத்தத் தெரிந்த ஒருவர் பழைய ரூ ஸ்ரோக் குவாட் பைக் ஒன்றை வைத்திருந்தால் அது அவருடைய ஆசை. ஒயில் பம்பின் குழாயில் காற்று இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பம்ப் நின்றால் எஞ்சின் சொல்லாமல் இறுகும்.

பழைய ஃபோர் ஸ்ரோக் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒயில் பார்க்கும் கம்பியை இழுங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் வளையமோ வால்வோ போய்விட்டது. ரூ ஸ்ரோக்கில் நீலப் புகை இயல்பு, ஃபோர் ஸ்ரோக்கில் அது வருத்தம். வண்டியின் அடையாள இலக்கத்தைக் கொண்டு பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் தேடுங்கள். சில டொலர்தான் போகும். கடன் மிச்சமுள்ள வண்டி என்றால் அது உங்களிடம் இருந்து பறிபோகலாம். விற்பவரின் பெயர், திகதி, தொகை, இலக்கம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள். அந்தத் துண்டு இல்லாமல் வரிக்கணக்கில் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. காப்புச் சட்டம் இல்லாத வண்டி என்றால், அந்த மாடலுக்குப் பொருந்தும் சட்டத்தின் விலையையும் சேர்த்துத்தான் வண்டியின் விலையைப் பேச வேண்டும்.

மனைவி அல்லது வேலையாள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவதுதான் உங்கள் தேவை என்றால் குவாட் பைக்கையே விட்டுவிட்டு, இருக்கைப் பட்டியும் கூடும் உள்ள சைட் பை சைட் வண்டியைப் பாருங்கள். விலை கூடத்தான். ஒருவருக்கென்று செய்த குவாட் பைக்கில் ஓட்டுநர் உடம்பைச் சரித்துச் சமநிலை பிடிக்க வேண்டும். பின்னால் ஒருவர் இருந்தால் அது முடியாது. பேரப்பிள்ளையை முன்னால் இருத்திக்கொண்டு காணியைச் சுற்றிக் காட்டுகிற தாத்தாமார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இது உங்களுக்கும்தான்.

பெரியவர்களுக்கான வண்டியிலேயே 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓடக்கூடாது என்று ஒட்டியிருப்பார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் அதை எங்களை விட நன்றாக வாசிப்பார்கள், ஆனாலும் ஏறிவிடுவார்கள். வேலை முடிந்ததும் திறப்பை வண்டியில் விடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து உயரத்தில் கொழுவுங்கள்.

அடுத்த மாதம் வழமைபோல வரிக் கணக்கோடு சந்திக்கிறேன்.