கண்ட விளக்கும் காணாத பாதையும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அந்தி மயங்கும் வேளையில் வழியில் கிடந்த பழுதையைப் பாம்பென்று அஞ்சிய வழிப்போக்கனின் கதையை நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவனுக்குக் கண் பழுதுபட்டிருக்கவில்லை. கண்டதை இன்னதென்று முடிவு கட்டிய மனமே பிழைத்தது. இவ்வுவமையைக் கேட்டு, "இது விளக்கில்லாத காலத்துக்கு உரியது, இன்று கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன" எனச் சிலர் எண்ணக்கூடும். கருவிகள் நிறைந்த விமானத்தில், 20,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்து தேர்ந்த ஒருவருக்கு, விளக்குகள் ஒளிவீசும் பெருநகரத்தில் இதே மயக்கம் நேர்ந்தது. அந்நிகழ்ச்சியைத்தான் இன்று உங்களுடன் சற்று விரிவாகச் சிந்திக்க விழைகிறேன்.

2017ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள். நள்ளிரவுக்கு நான்கு நிமிடம் இருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து புறப்பட்ட ஏர் கனடா 759 என்னும் விமானம், 135 பயணிகளும் 5 பணியாளர்களுமாக, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை நெருங்கிக் கொண்டிருந்தது. அங்கே இணையாக இரண்டு ஓடுபாதைகள் உண்டு. திசைகாட்டியில் ஏறக்குறைய 280 பாகையை நோக்கி அமைந்தமையால் அவற்றுக்கு 28 என்று எண். ஒன்று 28 இடது, மற்றொன்று 28 வலது. வலப்பக்கப் பாதையில் இறங்கவே அவ்விமானத்துக்கு அனுமதி தரப்பட்டிருந்தது.

அன்றிரவு 11 மணிக்கே இடப்பக்கப் பாதை சீரமைப்புப் பணிக்காக மூடப்பட்டு, அதன் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. ஆகவே மேலிருந்து நோக்குவோருக்கு ஓடுபாதையாக ஒளிர்ந்தது ஒன்றே. அதுவே 28 வலது. அதற்கும் வலப்புறத்தில், புறப்பட வேண்டிய விமானங்கள் ஊர்ந்து சென்று காத்திருக்கும் நகர்பாதை உள்ளது. அங்கே அன்று நான்கு பெரிய விமானங்கள், சிங்கப்பூருக்கும் மணிலாவுக்கும் சிட்னிக்கும் ஆர்லாண்டோவுக்கும் செல்வதற்காக, ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன.

வந்தவர்களின் மனத்தில் இருந்த படம் என்ன? இரண்டு பாதைகள் ஒளிரும். வலப்புறம் உள்ளதில் இறங்க வேண்டும். இவ்வளவுதான். கண்ணெதிரே ஒளியின் வரிசை இரண்டு தென்படவும் செய்தன. ஒன்று மெய்யான ஓடுபாதை. மற்றொன்று நகர்பாதையும் அதில் நின்ற விமானங்களின் விளக்குகளும். மூடிய பாதை இருளில் மறைந்திருக்க, திறந்த பாதையை அவர்கள் இடப்பக்கப் பாதை எனக் கொண்டனர். நகர்பாதையை வலப்பக்க ஓடுபாதை எனக் கொண்டனர்.

ஓடுபாதையின் ஓர விளக்கு வெண்மை. நகர்பாதையின் நடுக்கோட்டு விளக்கு பச்சை. நிறவேறுபாடு அறியாத விமானி உலகில் இல்லை. அறிந்தும் மயங்கினர் என்பதே கருதத்தக்கது.

விமானியின் உள்ளத்திலும் ஐயம் எழாமல் இல்லை. "பாதையின்மேல் ஏதோ விளக்குகள் தெரிகின்றன, இறங்கலாம்தானா?" என்னும் பொருள்பட அவர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டனர். அந்நேரத்தில் அங்கே பணியில் இருந்த ஒரே அலுவலர், 28 வலதில் உங்களைத் தவிர யாரும் இல்லை என்று விடை தந்தார். அன்பர்களே, அவர் சொன்னது பொய்யன்று. 28 வலது வெறுமையாகவே இருந்தது! ஆனால், கேட்டவர் எண்ணிய பாதை வேறு, சொன்னவர் எண்ணிய பாதை வேறு. ஐயத்தைத் தீர்க்க வேண்டிய மெய்யான விடையே மயக்கத்தை உறுதி செய்தது. இந்நிகழ்ச்சியில் என் நெஞ்சை மிகவும் வாட்டுவது இவ்விடமே.

துணை விமானி அவ்வேளையில் தலைமை விமானி பணித்தபடி கருவிகளில் எண்களைத் திருத்திக் கொண்டிருந்தார். அவர் கண் வெளியே இல்லை. விமானம் 30 மீட்டர் உயரத்தில் முதல் விமானத்தின் தலைக்கு மேலே கடந்தது. கீழே அதில் அமர்ந்திருந்த விமானி, இவர் எங்கே போகிறார், நகர்பாதைக்கல்லவா வருகிறார் என்று வானொலியில் குரல் கொடுத்தார். இரண்டாவதாக நின்ற விமானத்தினர் தம் பெருவிளக்குகளை ஏற்றிக் காட்டினர். துணை விமானி தலைநிமிர்ந்து, காண்பது இன்னதென்று விளங்காமல், மேலே எழும்புமாறு சொன்னார். தலைமை விமானியும் அக்கணமே விசையைக் கூட்டினார். கோபுரத்தின் ஆணை அதன் பின்னரே வந்தது. விமானம் இறங்கிய மிகத் தாழ்ந்த உயரம் ஏறத்தாழ 18 மீட்டர். கீழே நின்ற இரண்டாம் விமானத்தின் வால்நுனியோ தரையிலிருந்து ஏறக்குறைய 17 மீட்டர்!

வட்டமிட்டு மீண்டும் வந்த விமானம், இம்முறை 28 வலதிலேயே நலமாக இறங்கியது. ஒருவருக்கும் சிறு கீறலும் இல்லை.

ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2018 செப்டம்பரில் தன் முடிவை வெளியிட்டது. பாதை மூடப்பட்ட செய்தி விமானிகளின் கையிலேயே இருந்திருக்கிறது. 27 பக்க அறிவிப்புக் கட்டில் எட்டாம் பக்கத்தில்! வேண்டியதும் வேண்டாததும் ஒன்றாய்க் குவிந்த அக்கட்டில் அது மனத்தில் பதியவில்லை. சரியான பாதையைக் காட்டும் வழிகாட்டு அலைவரிசையையும் அன்று பொருத்தத் தவறினர். தலைமை விமானி 19 மணி நேரத்துக்கும் மேல் விழித்திருந்தவர். அவர் ஊர்க் கணக்கில் அப்போது விடியற்காலை மூன்று மணி. உறக்கம் இழந்தவர் கண்ணைக் குறைகூறிப் பயன் என்ன?

சில நிமிடங்களுக்கு முன்பு அதே பாதையில் இறங்கிய வேறொரு விமானத்தினருக்கும் முதலில் இதே ஐயம் தோன்றியதாம். அவர்கள் தம் கருவியின் வழிகாட்டுதலோடு ஒப்பிட்டுத் தெளிந்தனர். இருவர் கண்ட காட்சியும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துணை வைத்திருந்ததுதான் வேறுபாடு.

எல்லா நாளும் இவ்வாறு நலமாய் முடிவதில்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, புயல்மழையினூடே தைவானின் தைபே நகரிலிருந்து புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், 05 இடது என்று கருதி, பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்த 05 வலதில் ஓடத் தொடங்கியது. அங்கே நின்ற கட்டுமான எந்திரங்களில் மோதி, 179 பேரில் 83 பேர் உயிர் நீத்தனர். 2018 செப்டம்பர் 7 அன்று, நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்திலிருந்து 136 பயணிகளுடன் மாலத்தீவுக்குச் சென்ற ஏர் இந்தியா விமானம், கட்டி முடியாத புதிய ஓடுபாதையில் இறங்கிவிட்டது. சக்கரங்கள் சேதமுற்றனவே தவிர, இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில், தவறியவரை இகழ்ந்து பேசுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. இரவில் இணைப்பாதை மூடியிருந்தால், கண்ணை மட்டும் நம்பி இறங்க அங்கே இப்போது அனுமதிப்பதில்லை. கருவியின் வழிகாட்டுதலோடுதான் இறங்க வேண்டும். பின்னிரவு விமானங்கள் வந்து குவியும் நேரம் கழியும் வரை, கோபுரத்தில் ஒருவருக்கு இருவராக அமர்ந்து வானையும் தரையையும் பார்த்துக் கொண்டிருக்க ஏற்பாடு செய்தனர்.