மயக்க மருந்தும் மரப்பூசியும்
(திண்டுக்கல்லில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



சின்னாளபட்டியில் தறிக்குழியிற் காலிட்டு நாள் முழுதும் குனிந்திருப்பார்க்கும், நம் கடைவீதியில் மூட்டை சுமப்பார்க்கும் இடுப்புவலி புதிதன்று. அவ்வலி காலில் இறங்கி, மருந்துக்கும் ஓய்வுக்கும் அடங்காது, சவ்வு விலகி நரம்பை நெருக்குகின்றதென மருத்துவர் துணிந்தவிடத்து இரண சிகிச்சை வேண்டப்படுகின்றது. அப்பொழுது நம்மவர் கத்தியினும் ஊசிக்கே மிக அஞ்சுகின்றனர். முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுதும் வலி என்பார் ஒரு சாரார். முழு மயக்கத்தில் ஆழ்ந்தவன் விழிப்பது நிச்சயமில்லை என்பார் மற்றொரு சாரார். இரண்டையுங் கேட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக் கால் மெலிவாரும் உளர். ஆதலின் இவ்விரண்டன் இயல்பையும் ஈண்டு ஆராய்வோம்.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பார் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிக் காட்டினார். மறு ஆண்டே அம்முறை கல்கத்தாவை எட்டிற்று. முதுகுத்தண்டில் மருந்து செலுத்தும் முறையை 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் சிகிச்சையிற் கையாண்டார். அவர் தம் உதவியாளர் ஹில்டெப்ராண்டுக்கு அம்மருந்தைச் செலுத்தி, காலெலும்பிற் சுத்தியால் அடித்தும், எரியுஞ் சுருட்டாற் சுட்டும் பார்த்தார், வலி தோன்றவில்லை. சுருட்டுக்குப் பேர்போன நம்மூரார் இதனை மறவார். பியருக்கோ, தம் முதுகிற் குத்திய துளைவழியே தண்டுநீர் கசிந்தமையாற் பல நாள் தலைவலி. இக்காலத்து மெல்லூசிகளால் அவ்வின்னல் மிகக் குறைந்துளது.

ஊசி தண்டுவடத்தையே குத்துமென்பது வீண் அச்சம். வளர்ந்தோர்க்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவதன் அளவிலேயே முடிகின்றது. ஊசி அதற்குங் கீழே நீரில் மிதக்கும் நரம்பிழைகளிடையே செல்கின்றது. சில நிமிடத்திற் கால்கள் மரத்து, இரண்டு மூன்று மணி நேரம் அவ்வாறிருக்கும். மூச்சு தானே ஓடும். ஊசி பட்ட இடத்திற் சில நாள் நோவு இருத்தல் உண்டு. தீரா முதுகுவலிக்கு அவ்வூசியே காரணமென்பது மெய்ப்பிக்கப்படவில்லை. பேறுகாலத்துச் சுமையையும் குழந்தை வளர்ப்பிற் குனிதலையும் மறந்து ஊசியைப் பழித்தல் முறையன்று.

அங்ஙனமாயின் முழு மயக்கம் எற்றுக்கெனின், கூறுவேன். இச்சிகிச்சை நோயாளியைக் குப்புறக் கிடத்திச் செய்யப்படுவது. இடையில் மூச்சு தடைப்படின் அந்நிலையிற் குழாய் நுழைத்தல் எளிதன்று. மருந்தின் வேகம் முன்னரே தணியினும் இடர்ப்பாடே. ஆதலின் நீண்ட நேரம் பிடிப்பதும், பல முள்ளெலும்புகளைத் திருகாணியாற் பிணைப்பதுமான சிகிச்சைகட்கு, முன்னரே மூச்சுக்குழலிற் குழாயிட்டு முழுதும் மயக்குதலே பெரும்பான்மை வழக்கம். ஓரிடத்துச் சவ்வு நீக்குதல் போன்ற சிறு சிகிச்சைக்கு இரண்டும் தகும். ஒப்பிட்டு ஆராய்ந்தோர் பலர், மரப்பூசியில் வாந்தியும் உடனடி வலியுங் குறைவென்றும், பின்னாளைய பயன் பெரிதும் வேறுபடவில்லையென்றுங் கண்டனர். ஒன்றே எவர்க்கும் உயர்ந்தது என்பாரை நான் நம்புவதில்லை.

எனினும் நோயாளி மறைப்பவை முடிவை மாற்றும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர்க்கும், ஊசியிடும் இடத்திற் புண்ணுடையார்க்கும் மரப்பூசி ஆகாது. பீடி சுருட்டுப் பிடிப்பார்க்கு முழு மயக்கத்தில் மார்புத் தொல்லை மிகும். மனைவி முன் சொல்லக் கூசினால் மருத்துவரிடந் தனித்தேனும் சொல்லுக. மரப்பூசிதானே என்று காலையில் இரண்டு இட்டலி ஊட்டும் தாய்மார்களே, இரண்டிற்கும் ஆறு மணி நேரப் பட்டினி வேண்டும்; தெளிந்த நீர் இரண்டு மணி நேரத்திற்கு முன்வரை கொடுக்கலாம். இடையில் முழு மயக்கத்திற்கு மாற நேரின் வயிற்றிலுள்ளது மூச்சுப்பையிற் புகுந்து உயிரை வாங்கும்.

மரப்பூசிக்குப் பின் படுக்கைக்குக் கொணரப்பட்டவர் கால் அசையாமை கண்டு அலறற்க. மருத்துவர் குறித்த நேரத்தில் அசைவு திரும்பாவிடினும், சிறுநீர் பிரியாவிடினும், விடியட்டுமென்று காத்திராது உடனே தாதியிடஞ் சொல்லுக.