அன்னாசியின் சுற்றம்

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து, டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் பலருக்கு ஒரு குறை உண்டு. கொல்லைப்புறம் இல்லை, ஒரு வாழைக்கன்று நடவும் மண் இல்லை. அத்தகையோர் இல்லத்திற்கு ஏற்ற செடியினம் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

அன்னாசியை நாம் எல்லோரும் அறிவோம். அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே புரோமிலியாட் எனப்படும் செடிகள். இவற்றுள் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறத்தாழ அனைத்திற்கும் அமெரிக்கக் கண்டங்களே தாயகம். பல இனங்கள் மரக்கிளைகளைப் பற்றி வாழ்பவை. ஆயினும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. பிரேசில் நாட்டு ஈக்மியா, தன் இலைகளை வட்டமாக அடுக்கி, நடுவே கிண்ணம்போல் அமைத்து, மழைநீரை அதில் தேக்கிக்கொள்கிறது. வேரின் முதற்பணி பற்றிக்கொள்வதே.

இவ்வியல்பை உணர்ந்தால் வளர்ப்பு எளிது. தொட்டியில் களிமண் இடலாகாது. தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, பருமணல் ஆகியவற்றைக் கலந்து இட்டால் நீர் தேங்காமல் வடியும். வெளிச்சம் மிகுந்த சன்னலருகே வையுங்கள். நண்பகல் வெயில் இலையைக் கருக்கிவிடும். இலைக்கிண்ணத்தில் சிறிது நீர் இருத்தல் வேண்டும். ஆனால், வாரம் இருமுறை செடியைச் சாய்த்துப் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் வார்த்தல் இன்றியமையாதது. இல்லையேல் டெங்குக் கொசு அங்கே குடியேறும். செப்புக் குடத்து நீர் வேண்டா. செம்பு இச்செடிக்கு நஞ்சு. டில்லிக் குளிரில் கிண்ணத்தை வெறுமையாக்கிச் செடியை வீட்டினுள் வைப்பது நலம்.

ஈக்மியாவின் இளஞ்சிவப்புப் பூங்கதிர் பல மாதங்கள் வாடாது நிற்கும். அதன்பின் செடி மெல்ல மெல்ல நலியத் தொடங்கும். ஒருமுறை பூப்பதே அதன் இயல்பு. இதை அறியாத நான், என் கவனக்குறைவே காரணம் என்று வருந்தி, முதற்செடியைக் குப்பையில் இட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த என் அன்னையார் அதை எடுத்துப் பார்த்தார். அடியில் இரண்டு கன்றுகள் இருந்தன. “வாழை வைத்த வீட்டில் பிறந்தவன் நீ. குலை தள்ளிய மரத்தை வெட்டுவோம், கன்றையுமா எறிவோம்?” என்று கேட்டார். எனக்கு மறுமொழி இல்லை.

கன்று, தாயின் பாதி உயரம் வளர்ந்ததும், தூய கத்தியால் பிரித்துத் தனித்தொட்டியில் நடுக. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதுவும் பூக்கும். அன்று அன்னையார் மீட்ட கன்றுகளின் வழிவந்தவை இன்றும் என் சன்னலோரத்தில் உள்ளன.

ஆதலின், பூத்து ஓய்ந்த செடியை எறியுமுன், அதன் அடியை ஒருமுறை நோக்குங்கள்.