நடுப் பகுதியின் நிலை

ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் இயற்றிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஒரே கதை. போருக்குப் பின் காகித விலை ஏறியிருந்தமையால் பதிப்பகத்தார் அதனை மூன்றாகப் பிரித்தனர்.

1954 நவம்பரில் வந்த இரண்டாம் பகுதி 'இரு கோபுரங்கள்'. அதன் முற்பாதியில் கதைத் தலைவன் ஃபுரோடோ கண்ணிற் படுவதே இல்லை. பிற்பாதியின் இறுதியில் அவன் பகைவர் கையிற் சிக்குகிறான். உயிரோடிருக்கிறான் என்ற அளவில் நூல் நின்றுவிடுகிறது. பின்னிணைப்புகள் முடியத் தாமதமானமையால் மூன்றாம் பகுதி 1955 அக்டோபரில்தான் வந்தது. பதினொரு திங்கள்! வாசகர்கள் பொறுமையிழந்து கடிதம் எழுதினர். அவர்தம் சினத்தில் எனக்கு வியப்பில்லை.

நடுப் பகுதிக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்று இன்றும் மாணவர் சிலர் குறை கூறுவர். உண்மையே. ஆயினும் அதனைக் கத்தரிக்கோலிடம் கேட்க வேண்டும், நெய்தவரிடம் அன்று.

ஃபுரோடோ மறைந்திருக்கும் முற்பாதியோ நெய்தவரின் திட்டமே. எனக்கு மிகவும் உவப்பானதும் அதுவே. அவன் என்ன ஆனான் என்று தோழர்களுக்குத் தெரியாது; படிக்கும் நமக்கும் தெரியாது. அவர்களுடைய கவலையை நாமும் சுமந்து நடக்கிறோம். ஃபுரோடோவைத் தேடி ஏடுகளைத் தாண்டிப் புரட்டும் மாணவனுக்கு அக்கவலை கிட்டுவதில்லை.