சுரங்கம் மூடியது, பேண்டு நிற்கவில்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன் பண்ணி, "எதைப் பத்தி வேணும்னாலும் பேசுடா, ஹாஸ்டல் சாம்பார் கதை மட்டும் வேண்டாம், போன தடவையே நாலு பேர் சொல்லிட்டாங்க" என்றான். சரி என்று, கொஞ்சம் தூரத்து விஷயம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தக் கல்லூரி என்.சி.சி. பேண்டில் இரண்டு வருஷம் பியூகிள் ஊதியவன் நான். ஊதியது என்னவோ சுமார்தான். ஆனால் பித்தளை வாத்தியம் என்றால் காது நிமிரும் பழக்கம் அன்றிலிருந்து போகவில்லை. அதனால் இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்து பேண்டின் கதையைச் சொல்கிறேன்.

வடக்கு இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் என்று ஒரு பகுதி. அங்கே பார்ன்ஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில் கிரைம்தார்ப் என்ற சின்ன ஊர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே சுரங்கம் வெட்டினார்கள். அதைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. 1917-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்தத் தொழிலாளர்களுக்காக ஒரு பேண்டு ஆரம்பித்தார்கள். அதுதான் கிரைம்தார்ப் காலியரி பேண்டு.

சுரங்கக்காரனுக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அன்றைய இங்கிலாந்தில் இது அதிசயமே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வால்வு வைத்த பித்தளை வாத்தியங்கள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. மூன்று வால்வு, மூன்று விரல். வயலினைப் போல மென்மையான விரல்கள் தேவையில்லை. நாள் பூரா கடப்பாறை பிடித்துக் காய்த்துப்போன கையாலும் வாசிக்கலாம். பஞ்சாலை, சுரங்கம் என்று தொழில் நடந்த ஊரிலெல்லாம் பேண்டுகள் முளைத்தன. பல சுரங்கங்களில் தொழிலாளர்கள் வாராவாரம் கூலியிலிருந்து சில பென்னிகளைப் பேண்டுக்கென்று கொடுத்தார்கள். வாசிக்கத் தெரியாதவனும் கொடுத்தான். அதனால்தான் அது 'நம்ம பேண்டு'.

இந்த பேண்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயமே அதில்தான் இருக்கிறது. போட்டி பேண்டு ஒன்றில் 25 பித்தளை வாத்தியக்காரர்கள். கூட இரண்டு மூன்று பேர் தாளத்துக்கு. கார்னெட் 10, ஃப்ளூகல்ஹார்ன் 1, டெனர் ஹார்ன் 3, பாரிட்டோன் 2, யூஃபோனியம் 2, டிராம்போன் 3, பெரிய பேஸ் வாத்தியங்கள் 4. கூட்டிப் பாருங்கள், சரியாக 25 வரும். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வேலை உண்டு. ஒருத்தர் வரவில்லை என்றால் சங்கீதத்தில் ஓட்டை விழும்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. பேஸ் டிராம்போனைத் தவிர மற்ற பித்தளை வாத்தியங்களுக்கெல்லாம் ஒரே மாதிரிதான் இசைக்குறிப்பு எழுதுவார்கள். வால்வு வாத்தியங்களுக்கெல்லாம் விரல் வைப்பும் ஒன்றுதான். கார்னெட் கற்றுக்கொண்ட பையன், யூஃபோனியக்காரர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலிக்கு நகர்ந்துவிடலாம். ஒருத்தர் போனால் இன்னொருத்தர் உட்காரத் தோதாகவே அந்த அமைப்பு வந்திருக்கிறது.

போட்டியும் வேடிக்கையாக இருக்கும். எல்லா பேண்டும் ஒரே பாட்டை வாசிக்க வேண்டும். யார் முதலில், யார் அப்புறம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். நடுவர்களை மூடிய கூண்டுக்குள் உட்கார வைத்துவிடுவார்கள். வாசிப்பது எந்த ஊர் பேண்டு என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. காதுக்கு மட்டும்தான் வேலை. நமது பரீட்சைத் தாளில் பெயருக்குப் பதில் எண் போடுகிறோமே, அந்த மாதிரி.

பெரிய சுரங்கங்கள் நல்ல வாத்தியக்காரனைத் தேடிப்பிடித்து, வேலையும் போட்டுக் கொடுத்துப் பேண்டில் சேர்த்துக்கொள்வது உண்டு. நம் ஊரில் ரயில்வேயும் வங்கிகளும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை தரவில்லையா, அதே கதைதான்.

1972-இல் எல்கர் ஹோவார்த் என்ற இசைக்கலைஞர் கிரைம்தார்ப்புக்கு வந்தார். அவர் வந்த மறு வருஷமே, 1973-இல், ஹாரிசன் பர்ட்விசில் என்ற நவீன இசையமைப்பாளர் இவர்களுக்காகவே 'கிரைம்தார்ப் ஏரியா' என்ற கடினமான படைப்பை எழுதினார். அணிவகுப்புப் பாட்டும் தேவாலயப் பாட்டும் கேட்டுப் பழகியவர்கள் திகைத்துத்தான் போயிருப்பார்கள். 1974-இல் லண்டன் பிராம்ஸ் இசைவிழாவுக்கு இவர்களும், பிளாக் டைக் என்ற கம்பளி ஆலை பேண்டும் போனார்கள். கரிக்காரன் வாத்தியம் பெரிய சபை ஏறிவிட்டது.

அப்புறம்தான் கஷ்டகாலம். 1984 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் யார்க்‌ஷயரில் ஆரம்பித்து, ஒரு வருஷம் நடந்து, 1985 மார்ச்சில் தோல்வியில் முடிந்தது. 1992 அக்டோபரில், மிச்சமிருந்த 50 சுரங்கங்களில் 31-ஐ மூடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போகும். அந்தப் பட்டியலில் கிரைம்தார்ப்பும் இருந்தது.

அடுத்த சில நாட்களில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டி. அந்த வருஷத்துப் போட்டிப் பாட்டு, ஃபிலிப் வில்பி எழுதிய 'நியூ ஜெருசலேம்'. சோற்றுக்கு வழி அடைபட்ட ஊரிலிருந்து போன பேண்டு வாசித்தது. கூண்டுக்குள் இருந்த நடுவர்களுக்கு அது யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால், 'பாவப்பட்டுக் கொடுத்தார்கள்' என்று யாராவது சொல்லியிருப்பான். கிரைம்தார்ப் தேசிய சாம்பியன் ஆனது!

கைதட்டுகிறீர்கள். நானும் முதலில் கேட்டபோது தட்டினேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கோப்பை கிடைத்ததால் சுரங்கம் பிழைக்கவில்லை. 1993 மே மாதம் மூடிவிட்டார்கள். 1994-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு ஒன்று, நாட்டிலேயே மிக ஏழ்மையான கிராமம் என்று கிரைம்தார்ப்பைக் குறித்தது. 1996-இல் 'பிராஸ்டு ஆஃப்' என்று ஒரு படம் வந்தது. ஊர்ப் பெயரைக் கொஞ்சம் மாற்றி, இந்தக் கதையை வைத்தே எடுத்த படம். வாசிப்பு இதே பேண்டுதான். அதில் சங்கீதமே உலகம் என்று இருக்கும் பேண்டு மாஸ்டர், கடைசியில் சங்கீதத்தைவிட மனுஷன்தான் பெரிசு என்று உணருகிறார். பேண்டு ஜெயித்தது என்று சொல்லி ஊர் தோற்றதை மறைக்கக் கூடாது. நானும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இதையும் பாருங்கள். சுரங்கம் போன பிறகு, தனியார் நிலக்கரிக் கம்பெனி ஒன்றின் ஆதரவு சில காலம் இருந்தது. ஊர் பேர் பின்னால் கம்பெனி பேரையும் ஒட்டிக்கொண்டு வாசித்தார்கள். 2006-இலும் 2007-இலும் மறுபடி தேசிய சாம்பியன். அப்போது ஊரில் கரியே இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவிலும் இவர்கள் வாசித்தார்கள். 2015 டிசம்பரில் பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் அந்த பேண்டின் பெயரில் 'காலியரி' என்ற சொல் அப்படியே இருக்கிறது.

சுரங்கமே இல்லாத ஊரில் சுரங்க பேண்டு எதற்கு? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்தது. சுரங்கம் கொடுத்தது இடமும் காசும். பேண்டைக் காப்பாற்றியது வேறு. ஒருத்தர் எழுந்து போனால் அந்த நாற்காலியில் உட்கார இன்னொருத்தரைத் தயார் பண்ணி வைக்கும் பழக்கம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஒத்திகைக்கு உட்காரும் பழக்கம். அது இருக்கிறவரை கட்டடம் போனாலும், படியளந்தவன் போனாலும், எதுவோ ஒன்று மிஞ்சும்.

நண்பர்களே, நாம் வருஷத்துக்கு ஒரு நாள் கூடுகிறோம். குரூப் போட்டோ எடுக்கிறோம், சாப்பிடுகிறோம், போகிறோம். நல்லதுதான், சாப்பாடும் இன்றைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் நாம் எழுந்து வந்த நாற்காலிகளில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் உட்பட, கை தூக்க யாருக்கும் தைரியம் இருக்காது. இந்த வருஷம் ஆளுக்கு ஒரு மாணவர். பணம் கொடுக்க முடிந்தவர் பணம் கொடுங்கள். முடியாதவர் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். தம்பி தங்கைகளே, எங்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால்தான் எங்களுக்கும் ஞாபகம் வரும்.

என்.சி.சி. அறையில் என் பழைய பியூகிள் இன்னும் இருக்கிறது என்று காலையில் பார்த்தேன். ஆணியில் தொங்குகிறது, தூசி படிந்திருக்கிறது. ஊதக் கற்றுக்கொள்ள யாராவது வந்தால், சொல்லித்தர நான் தயார். சுமாராகத்தான் வரும், ஆனால் சத்தம் வரும்.