உண்ண மறுக்கும் மலைப்பாம்பு

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம்மவர் வழக்கு. ஆயினும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வீட்டிலே பாம்பு வளர்ப்போர் பலர் உளர் என்பதை நேயர்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். அவர்கள் பெரிதும் விரும்புவது கானா, தோகோ, பெனின் முதலிய மேற்கு ஆபிரிக்க நாடுகளுக்குரிய ஒரு சிறு மலைப்பாம்பு. அச்சமுற்றால் தலையை உள்ளே மறைத்து உடலைப் பந்துபோற் சுருட்டிக்கொள்வதால் அதனைப் பந்து மலைப்பாம்பு என்பர். நஞ்சற்றது, சாதுவானது. உணவு விடயத்தில் மட்டும் அதன் பிடிவாதம் பெரிது.

முன்னரே கொன்று உறையவைத்த எலிகள் அந்நாடுகளிற் கடைகளிலே விற்கப்படுகின்றன. காட்டிலே உயிருள்ள எலியைத்தானே அது உண்கிறது, அதனையே கொடுத்தாலென்ன என்று ஒருவர் வினவலாம். காட்டிலே பாம்பு தான் விரும்பிய வேளையிற் பாயும். எலிக்கும் ஓட வழியுண்டு. கண்ணாடிப் பெட்டியிலோ இரண்டிற்கும் வழியில்லை. பசியற்ற பாம்போடு இரவு முழுவதும் அடைபட்ட எலி, பாம்பின் முதுகை எலும்பு தெரியுமளவிற்குக் கொறித்துவிடுவதுமுண்டு. எலி படும் திகிலும் சிறிதன்று.

ஆனால் உயிருள்ள எலியையே உண்டு பழகிய பாம்பின்முன் குளிர்ந்த எலியை இட்டால், அது திரும்பியும் பாராது. இதனை அருவருப்பென்று கொள்ளுதல் மனிதர் தம் மனத்தைப் பாம்பின்மேல் ஏற்றிப் பார்ப்பதாகும். அது இரையை அறிவது மணத்தாலும் வெப்பத்தாலும் அசைவாலும் ஆம். பிளவுண்ட நாக்கு மணத்துகள்களை எடுத்து மேலண்ணத்திலுள்ள உறுப்பொன்றிற் சேர்க்கிறது. உதட்டோரத்திலுள்ள சிறு குழிகள் வெப்பத்தை உணர்கின்றன. இக்குழிகளில் வெப்பத்தை உணரும் புரதம் எதுவென்பதைக் கலிபோர்னியாவில் டேவிட் யூலியசு என்பவரும் அவர் குழுவினரும் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குளிர்ந்த எலியிலே வெப்பமுமில்லை, அசைவுமில்லை, மணமும் மங்கிவிடுகிறது. ஆகவே பாம்பைப் பொறுத்தவரை அது இரையே அன்று.

இழந்தவற்றை மீட்டுக் கொடுப்பதே வளர்ப்பவர் செய்ய வேண்டுவது. உறைந்த எலியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரவு வைத்து இளகச் செய்தல் வேண்டும். பின்பு பையொன்றில் இட்டுச் சுடுநீரில் அமிழ்த்தி, மேற்புறம் ஏறக்குறைய 38 பாகை செல்சியசு ஆகும்வரை சூடாக்கி, ஈரத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். கொதிநீரிலோ நுண்ணலை அடுப்பிலோ இட்டால் எலி வெந்துபோகும், சிலவேளை வெடித்தும்விடும். இப்பாம்பு இரவிலே திரிவது. ஆகையால் விளக்கைத் தணித்து, நீண்ட இடுக்கியாற் பிடித்து, எலியின் தலை பாம்பை நோக்கியிருக்கச் சிறிது அசைத்துக் காட்டுதல் நன்று. மூக்கிலே இடித்துத் தொந்தரவு செய்தால் அஞ்சிப் பந்தாகிவிடும். கவ்வாவிடின், ஒளிவிடத்தின் வாயிலில் எலியை வைத்துவிட்டு அகலலாம். விடியும்வரை தீண்டப்படாதிருந்தால் எறிந்துவிட வேண்டுமேயன்றி மீண்டும் உறையவைத்தலாகாது.

பெட்டியின் சூடான பக்கம் 31 அல்லது 32 பாகை அளவில் இல்லாவிடினும், ஒளிந்துகொள்ள இடமில்லாவிடினும் இவ்வுபாயங்கள் பலிப்பதரிது. பாம்பு மறுக்கும்போது முதலில் ஆராயவேண்டியது இதனையே. பலர் இதனை விட்டு எலியையே குறை கூறுகின்றனர்.

மறுத்தபின் ஒரு வாரமாவது பொறுத்தே மீண்டும் கொடுத்தல் வேண்டும். வளர்ந்த பாம்பு சில மாதங்கள் உண்ணாதிருந்தும் நலமாக இருக்கக்கூடும். ஆகவே, எத்தனை நாளாயிற்று என்று எண்ணி ஏங்குவதிலும், தராசிலே நிறுத்து எடையைக் குறித்து வருதல் பயனுடையது. எடை தொடர்ந்து குறையினும், மூச்சிரைப்பேனும் வாயிலே கோழையேனும் காணினும் விலங்கு வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். குட்டியாயின் இன்னும் விரைவாக. வாயைத் திறந்து இரையைத் திணித்தல் வைத்தியருக்குரிய வேலை; பழக்கமில்லாதோர் கைவைத்தால் தொண்டை புண்படும்.

பாம்பு இறுதியில் இரையை ஏற்றுக்கொண்டதும் மகிழ்ச்சி மிகுந்து அதனைக் கையிலெடுப்போர் உளர். அப்படிச் செய்தால் விழுங்கியதைக் கக்கிவிடக்கூடும். இரண்டு நாட்களுக்கு அதனைத் தொடாமலிருந்து, அடுத்த வாரமும் அதே முறையில், அதே சூட்டில் எலியைக் கொடுத்து வருவாராயின், உறைந்த இரை அதற்குப் பழக்கமாகிவிடும்.